கடல் குகையில் வெடி நேரம்

என் வீட்டுக்காரரின் காதையும் என் தொண்டையையும் ஒரே டாக்டர்தான் பார்க்கிறார். பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் கிளினிக். படி ஏறி முடிப்பதற்குள் முழங்காலுக்கு இன்னொரு டாக்டரைப் பார்க்க வேண்டும் போலிருக்கும். போன தை மாதம் அவர் என் வாய்க்குள் ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். மருந்து எழுதினார். மருந்தைவிட முக்கியம், இனிமேல் கத்தவே கூடாது என்றார். கத்திக்கொண்டே இருந்தால் ஒரு நாள் காலையில் எழுந்து வாயைத் திறக்கும்போது வெறும் காற்றுதான் வரும் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் வலித்தது. "டாக்டர், எங்க வூட்டுக்காரரும் உங்க பேஷண்டுதாங்க. ரெண்டு காதும் போன ரெட்டிபாளையத்துக்காரரு" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆள் யாரென்று ஞாபகம் வந்துவிட்டது. மருந்துச் சீட்டை என் பக்கம் நகர்த்தினார்.

தொண்டை போனதற்கு வீட்டுக்காரரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இருபத்தேழு வருஷம் நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். வரிசையில் தட்டோடு நிற்கிற பிள்ளைகளைக் கத்தாமல் ஒழுங்குபடுத்த யாராலும் முடியாது. பள்ளிக்கூடத்தில் கத்தியது பாதி, வீட்டில் கத்தியது பாதி. ஓய்வு பெற்றதும் பள்ளிக்கூடப் பாதி நின்றுவிட்டது. வீட்டுப் பாதி இரண்டு பங்காக வளர்ந்துவிட்டது.

அவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். குழியில் வெடிமருந்து இறக்குவதும் திரி கொடுப்பதும்தான் வேலை. எங்கள் பக்கம் அரியலூரைச் சுற்றி எல்லாருக்கும் இது தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மத்தியானம் வெடி நேரம் என்று ஒன்று உண்டு. முதலில் சங்கு ஊதும். சிவப்புக் கொடி காட்டுவார்கள். அப்புறம் வெடிக்காரர், "வெடி! ஒதுங்கு!" என்று நாலு பக்கமும் திரும்பிக் கத்துவார். அந்தச் சத்தம் கேட்டால் சுரங்கத்து ஆள் எங்கே நின்றாலும் மறைவுக்கு ஓடிக் குந்தி, துண்டைத் தலையில் போட்டு, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். வெடித்து முடிந்து மறுபடி சங்கு ஊதுகிறவரை ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது. ஊருக்குள் எங்கள் வீட்டு அலமாரியில் பாத்திரம் கடகடவென்று ஆடும். லீவு நாளில் அதை வைத்துத்தான் நான் உலை வைப்பேன்.

எல்லாரும் காதைப் பொத்திக்கொள்ளும்போது வெடிக்காரர் மட்டும் பொத்தக் கூடாது. இது யாரும் போட்ட சட்டம் இல்லை, அவராகவே வைத்துக்கொண்டது. பத்துக் குழிக்குத் திரி கொடுத்தால் பத்துச் சத்தம் கேட்க வேண்டும். ஒன்பதுதான் கேட்டது என்றால் ஒரு குழி வெடிக்காமல் கிடக்கிறது என்று அர்த்தம். அது தெரியாமல் கல் அள்ள இறங்குகிறவன் செத்துப்போவான். காதுக்கு அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொள்வார். காதை அடைத்துக்கொண்டால் எப்படி எண்ணுவது என்பார். திரிக் காலம் போய் மின்சார வெடி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவர் எண்ணி அனுப்பிய ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பது அவருக்குப் பெருமை. எனக்கும் ஒரு காலத்தில் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு இப்போது குடித்தனம் நடத்த முடியவில்லை. "சாப்பிட வாங்க" என்பதை மூன்று தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை சாதாரணமாக, இரண்டாம் தடவை சத்தமாக, மூன்றாம் தடவை தெருவுக்கே கேட்கும்படியாக. நான் அடுப்படியில் வேலையாக இருப்பேன், அவர் கூடத்தில் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளேயிருந்து கத்தினால் "என்ன?" என்பார். மறுபடி கத்தினால் மறுபடி "என்ன?". எதிர்வீட்டு அம்மா வாசல் பெருக்கும்போது, "என்னக்கா, இன்னைக்குக் கத்திரிக்காயா?" என்று கேட்கும். என் மாத்திரை, அவருடைய மலச்சிக்கல், மருமகனோடு எங்களுக்கு வந்த சின்ன மனஸ்தாபம் எல்லாம் தெரு முழுக்கத் தெரியும். வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. அலுப்புதான் மிச்சம்.

காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் மாட்டினார். மின்விசிறிச் சத்தம் ஆலை மாதிரி கேட்கிறது என்று கழற்றிப் பிஸ்கட் டப்பாவில் போட்டவர்தான், அப்புறம் தொடவில்லை. இதிலே எனக்கு எரிச்சல் எது என்றால், டீக்கடையில் மட்டும் அவருக்குக் காது கேட்கும். கூட வேலை பார்த்த நாலைந்து பேர் சாயங்காலம் கூடுவார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது பார்த்திருக்கிறேன். ரோட்டில் லாரி சத்தம் காதைப் பிய்க்கும். அந்தச் சத்தத்திலே அவர்கள் பேசுவதும் இவர் தலையாட்டுவதும் சிரிப்பதும் நடந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து நான் ஒரு வார்த்தை சொன்னால் "என்ன?". டிவியையும் பாதி நேரம் சத்தமே இல்லாமல் வைத்துக்கொண்டு செய்தி பார்ப்பார். கேட்க இஷ்டமில்லாத காது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

டாக்டர் சொன்னதை ஃபோனில் மகளிடம் சொன்னேன். அவள் சென்னையில் இருக்கிறாள். "நீ இங்க வந்துடும்மா. ஒரேயடியா வந்துடு. அப்பாவ சித்தப்பா பாத்துக்குவாரு, பக்கத்து வூடுதானே" என்றாள். அவள் முன்பும் இதைச் சொன்னதுண்டு, நான் சண்டைக்குப் போவேன். இந்தத் தடவை சண்டை போடத் தொண்டையில் தெம்பு இல்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு யோசித்தேன். யோசித்த பிறகும் சரி என்றுதான் தோன்றியது. கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. உட்கார்ந்து ஒரு வார்த்தை மெல்லப் பேசுகிற வீட்டில் நாலு வருஷமாவது இருந்துவிட்டுச் சாக வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

இனி அவரிடம் சொல்ல வேண்டும். அதுதான் பெரிய பாடாகிவிட்டது. நான் உங்களை விட்டுவிட்டுப் போகப் போகிறேன் என்பதை மூன்று தடவை, ஒன்றைவிட ஒன்று சத்தமாக எப்படிச் சொல்வது? சொன்னால் அவருக்கு முன்னால் எதிர்வீட்டு அம்மாவுக்குத் தெரிந்துவிடும். எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனிடம் சீட்டெழுதி நீட்டுவதா, அது என்ன ரேஷன் கடையா? இரண்டு மாதம் அப்படியே ஓடிவிட்டது. மகள் ஃபோன் பண்ணும்போதெல்லாம், "அப்பாகிட்ட சொல்லிட்டியாம்மா?" என்று கேட்பாள். நாளைக்கு என்பேன்.

இந்தச் சமயத்தில்தான் டூர் வந்தது. பெரம்பலூரிலிருந்து பஸ் போட்டு ஆறு நாள் கூட்டிப்போகிறார்கள். மலை, அணை, கோயில், கடைசியில் மேற்குக் கடற்கரையில் ஒரு குகை. பஸ்ஸிலேயே சமையல்காரர், அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் வரும். சுரங்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பதினைந்து பேர் குடும்பத்தோடு போகிறார்கள் என்று இவரும் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். கோயில் குளம் என்றால் அசையாத மனுஷன். ஏன் என்று சைகையில் கேட்டேன். "கடலே குடைஞ்ச குகையாம். மருந்து வைக்காம" என்றார். தன் தொழிலைத் தண்ணீர் எப்படிச் செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். எனக்குப் போக மனமே இல்லை. ஆனால் ஆறு நாள் கூடவே இருப்போம், எங்கேயாவது ஓரிடத்தில் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன்.

முதல் நாளே ஒடிந்துவிட்டேன். பஸ்ஸில் பாட்டு. அந்தச் சத்தத்தில் கண்ணை மூடி நிம்மதியாகத் தூங்கியவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். என் கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. மூன்று வேளையும் ரோட்டோரத்தில் தார்ப்பாய் விரித்துச் சாப்பாடு. எங்கள் வரிசைக்கு முன்னால் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவரும் அவர் வீட்டம்மாவும் இருந்தார்கள். பாய் வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர், இந்தி நன்றாகப் பேசுவார். போகிற இடத்திலெல்லாம் வழி கேட்பது, விலை பேசுவது எல்லாம் அவர் தலையில் விழுந்தது. அவர் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை.

மலையில் சொல்லலாம் என்று பார்த்தேன், எப்போதும் பக்கத்தில் ஆள். அணையில் தனியாக உட்கார்ந்திருந்தார், கிட்டே போனேன். கத்தினால்தான் கேட்கும், கத்தினால் அணைக்கட்டு முழுக்கக் கேட்கும். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று பாட்டிலை நீட்டிவிட்டு வந்துவிட்டேன். நான் எதையோ மனதில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன் என்று பாய் வீட்டம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. என்ன அக்கா, உடம்புக்கு முடியலையா என்று இரண்டு தடவை கேட்டது. தொண்டை சரியில்லை என்றேன், அது பொய்யும் இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் குகைக்குப் போனோம். ரோட்டிலிருந்து கடலுக்கு இருநூறு படி இறங்க வேண்டும் என்று டிரைவர் சொன்னார். எண்ணிக்கொண்டே இறங்கினேன், நூறுக்கு மேல் எண்ணவும் சலிப்பாகிவிட்டது. இரண்டு பக்கமும் சங்கு மாலை, தொப்பி, இளநீர் விற்கிற கடைகள். வாசலில் பெரிய போர்டு, எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில். கைடு ஒருவர் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு இந்தியில் பேசினார், பாய் தமிழில் சொன்னார். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் புயலுக்கு இங்கே ஒதுங்குவார்களாம். ஒரு ராஜா ஆயுதத்தை ஒளித்து வைத்திருந்தாராம். ஒரு சாமியார் கடைசி வரை உள்ளேயே இருந்தாராம். எந்த ராஜா, எந்தச் சாமியார் என்று பாயே கேட்டுப் பார்த்தார், கைடுக்கும் தெரியவில்லை. சரித்திரம் என்றால் அப்படித்தான் போல என்று விட்டுவிட்டோம்.

கடல் உள்வாங்கியிருக்கிற நேரம் பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம். முழங்கால் அளவுத் தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். உள்ளே இருட்டு, ஈரம், வவ்வால் நாற்றம். சுவரில் எட்டின உயரம் வரைக்கும் காதலர்கள் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். மூலையில் பிளாஸ்டிக் பாட்டில் மிதந்தது. இதற்கா கால் வீங்க வந்தோம் என்று நினைத்தேன். எல்லாரும் ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது நம்ம கல்லு இல்ல" என்றார், யாரைப் பார்த்தும் இல்லை. எங்கள் சுரங்கத்துக் கல்லில் நத்தையும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும், ஒரு காலத்தில் எங்கள் ஊரே கடலடியாம். அந்தக் கடலை வெடி வைத்தே கரைத்தவர் இங்கே இருக்கிற கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

குகை உள்ளே போகப் போகக் குறுகியது. அலை வந்து அடிக்கிற இரைச்சல் நாலு சுவரிலும் மோதித் திரும்பியது. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இங்கே கத்தினால் அவரைத் தவிர ஒருத்தருக்கும் கேட்காது. அவருக்கும் கேட்காமல் போகலாம், ஆனால் சொன்னேன் என்று ஆகிவிடும். அவரிடம் சொல்லிவிட்டேன் என்று மகளிடம் நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். கோழைத்தனம்தான், இப்போது எழுதும்போது தெரிகிறது.

அவர் சட்டையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தேன். என் ஃபோனில் டார்ச்சைப் போட்டு இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். மீசை எப்போது இவ்வளவு வெளுத்தது என்று அந்த நேரத்தில் போய்த் தோன்றியது. கத்தலாம் என்று வாயைத் திறந்தால் குரல் ஏறவில்லை. கரகரவென்று எனக்கே கேட்காத குரலில்தான் வந்தது.

"ஏங்க. நான் பொண்ணுகிட்ட போயிடலாம்னு இருக்கேன். மெட்ராசுக்கு. ஒரேயடியா. என்னால இனிமே கத்த முடியலங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "என்ன?" என்றுகூடக் கேட்கவில்லை. கேட்கவில்லை அவருக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஐயோ, இன்னும் இரண்டு தடவை சொல்ல வேண்டுமே என்று இருந்தது.

முன்னால் கைடு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். என்னவென்று அப்புறம்தான் தெரிந்தது. குகையின் கோடியில் ஒரு பொந்து இருக்கிறதாம், பெரிய அலை வந்தால் அதற்குள் காற்று மாட்டிக்கொண்டு பீரங்கி மாதிரி சத்தம் வருமாம், ஆபத்து ஒன்றும் இல்லையாம். பாய் அதைத் தமிழில் சொல்வதற்குள் அலை வந்துவிட்டது. முதலில் சத்தமே இல்லை. கால் வைத்திருந்த பாறை ஒரு தரம் அதிர்ந்தது. எனக்கு அது ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் உள்ளங்காலில் வாங்கிய அதிர்வு அது.

"வெடி! ஒதுங்கு!"

அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. சுரங்கத்தில் கத்துவார் என்று தெரியும், வீட்டில் யார் கேட்டது? அடுத்த நொடி நடந்ததை நினைத்தால் இப்போதும் எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேரும் அப்படியே சுவரோரம் பாய்ந்து தண்ணீரில் குந்திவிட்டார்கள். துண்டு தலைக்குப் போயிற்று, கை காதுக்குப் போயிற்று, எல்லாருடைய வாயும் திறந்துகொண்டது. பெண்டாட்டிமார்களும் உட்கார்ந்துவிட்டார்கள். பெரம்பலூர்க்காரர்கள் நின்றபடி விழித்தார்கள். வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள்.

என்னை அவர் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, தன் முதுகைக் குகைப் பக்கம் காட்டிக் குனிந்துகொண்டார். அவருடைய இரண்டு உள்ளங்கையும் என் இரண்டு காதிலும் இருந்தன. அழுத்திப் பொத்தியிருந்தார். எனக்கு அலைச் சத்தம் நின்றுவிட்டது, எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் திம் என்று ஒரு அடி விழுந்தது. நான் விடாமல் தூக்கிப் பிடித்திருந்த ஃபோன் வெளிச்சத்தில் அவர் உதடு அசைவது தெரிந்தது. ஒன்று என்றார். இன்னொரு அடி, இரண்டு என்றார். மூன்று என்றார். எண்ணிக்கொண்டிருந்தார். அவர் காதைப் பொத்த யாரும் இல்லை.

அதற்குப் பிறகு ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பார்கள், சங்கு ஊதவில்லையே. கைடு இந்தியில் கத்தினார், அசையவில்லை. கோபத்தில் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். அவ்வளவுதான், பதினைந்து பேரும் ஒன்றாக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்கிற மாதிரி வாசலைப் பார்த்து நடந்தார்கள். நாலு அடி போன பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்கு உறைத்தது. ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். வழுக்கி உட்கார்ந்த ஒருவருக்கு முழங்கை தேய்ந்திருந்தது. கைடு எங்களைக் காட்டிக் காட்டிப் பேசியதில் பாய் எங்களுக்கு ஒரு வரிதான் சொன்னார், பயந்துட்டாராம் என்று. மற்றதைத் தன்னோடு வைத்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. நனைந்த வேட்டியோடு வெளியே வந்து படிக்கட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார். நான் திட்டினேன். இத்தனை பேருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டீர்களே என்று, இல்லாத குரலில், முதுகுக்குப் பின்னாலிருந்து திட்டினேன். அவர் திரும்பவே இல்லை. போன மானம் எனக்குப் பெரிதில்லை, தெரியும். சொல்ல வந்ததைச் சொல்லியும் சொல்லாமல் போனதுதான் ஆற்றாமை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் மத்தியானம் திரும்பி வரும் வழியில், திருச்சி தாண்டிப் பெரம்பலூருக்கு இந்தப் பக்கம், ஒரு டீக்கடையில் பஸ் நின்றது. நான் இறங்கி வேப்ப மரத்தடியில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் வீடு, நாளையிலிருந்து பழைய பாட்டு. அவர் இரண்டு கையிலும் டீ கிளாசோடு வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காராமல் எதிரில் இருந்த கல்லில் உட்கார்ந்தார்.

"எப்பக் கெளம்புற?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கே என்று கேட்டேன்.

"மெட்ராசுக்குத்தான். குகையில சொன்னியே."

"கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேக்கல. பாத்தேன்." டீயை ஒரு வாய் குடித்தார். கல் உடைக்கிற கிரஷர் பக்கத்தில் நின்று யாருக்கு என்ன காதில் விழும், அங்கே எல்லாரும் வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள் என்றார். டீக்கடையிலும் அப்படித்தானாம். டிவி செய்தியும் அப்படித்தானாம். இதை ஏன் இத்தனை வருஷம் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ உள்ளேருந்துதானே பேசுவ. மூஞ்சியப் பாத்துப் பேசி ரொம்ப நாளாச்சு" என்றார். குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. வெயில் அதிகம் என்பது மாதிரிதான் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் கணக்குப் பிடிபட்டது. நான் போகிறேன் என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அவர் என் காதைப் பொத்தியிருக்கிறார். அதைக் கேட்டேன். நான் அப்படிச் சொன்ன பிறகுமா என்று கேட்டேன்.

"வெடி வரப்ப வேற என்ன பண்றது" என்றார்.

டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. இந்த மனுஷன்மேலா என்மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. பத்து வருஷம் தெருவே சிரிக்கக் கத்தியதெல்லாம், அடுப்படியிலிருந்து நாலு அடி நடந்து வந்து எதிரில் நின்றிருந்தால் தேவையே இல்லை. அவரும்தான் ஒரு தடவை எழுந்து வந்து எட்டிப் பார்த்திருக்கலாம். இரண்டு பேருக்கும் அந்த நாலு அடிதான் தூரம்.

அவர் இன்னும் ஏதோ சொல்ல இழுத்தார். கிளாசைக் கீழே வைத்தார், எடுத்தார். "போயிட்டு வா. ஆனா போறதுக்கு முன்னாடி அந்தக் காது மிஷின எப்படி மாட்டுறதுன்னு காட்டிட்டுப் போ" என்றார். எதற்கு என்றேன்.

"ஃபோன்ல நீ பேசுனா மூஞ்சி தெரியாதுல்ல" என்றார்.

அவருடையது பட்டன் ஃபோன். அதில் படம் வராது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பஸ்ஸில் டிரைவர் ஹாரன் அடித்தார், அது அவருக்குக் கேட்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குரலே விடாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன், டீயில் சர்க்கரை பத்தலைங்க என்று. கிளாசை வாங்கிக்கொண்டு எழுந்து கடைப் பக்கம் போனார்.

அந்த நேரம் பார்த்து மகள் ஃபோன் பண்ணினாள். "அப்பாகிட்ட சொல்லிட்டியாம்மா?" என்றாள். சொல்லிட்டேன் என்றேன். என்ன சொன்னார் என்றாள்.

"சக்கர வாங்கப் போயிருக்காரு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வருகிற மாதம் வருகிறேன், பதினைந்து நாள்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.